சோப்பைத் தானே காய்ச்சுகிறவருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது

பரிசு கொடுக்கிற விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கற்பனை என்பது கிடையாது. அதை ஒரு குறையாக நினைத்து இளம் வயதில் நான் சிரித்திருக்கிறேன். கல்யாணம் என்றால் சுவர்க் கடிகாரம். வீடு குடிபுகுந்தால் இன்னொரு சுவர்க் கடிகாரம். கொஞ்சம் நெருக்கமான உறவு என்றால் லெமன் செட்: ஒரு கண்ணாடி ஜக்கு, அதைச் சுற்றிக் குட்டி டம்ளர்கள், எல்லாவற்றிலும் ஒரே ஆரஞ்சுப் பூ. தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் எந்த வீட்டுக்குப் போய்ப் பீரோவுக்கு மேலே பார்த்தாலும் பிரிக்காத லெமன் செட் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதில் யாரும் எலுமிச்சை பிழிந்து குடித்ததாகத் தகவல் இல்லை. அடுத்த கல்யாணம் வந்ததும் மேலே சுற்றின ஜிகினாத் தாளை மட்டும் மாற்றிப் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தவனும் யோசிக்கவில்லை, வாங்கினவனும் யோசிக்கவில்லை, எல்லாருக்கும் சௌகரியம்.

இந்த நல்ல ஏற்பாட்டுக்குள் அடங்காத ஓர் ஆள் எனக்கு நண்பராக வாய்த்தார். வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் தன் கையாலேயே செய்துகொள்ள வேண்டும் என்று கிளம்பியவர். சோப்பைத் தானே காய்ச்சுகிற மனிதருக்குச் சோப்புப் பெட்டி கொடுக்க முடியாது. ரொட்டியைத் தானே சுடுகிறவருக்கு பிஸ்கட் பாக்கெட் நீட்டினால் அவமானப்படுத்தியதாகிவிடும். லெமன் செட்டைக் கொடுத்தால் கண்ணாடியை எப்படி ஊதுகிறார்கள் என்று கேட்பார். அடுத்த மாதம் ஊத ஆரம்பித்துவிடுவார்.

அவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், தரம் பார்க்கிற பிரிவில் சூப்பர்வைசர். நூல் எங்கே தடித்திருக்கிறது, எங்கே இளைத்திருக்கிறது, எங்கே பிசிறு தட்டியிருக்கிறது என்று பார்த்துக் கழிக்கிற உத்தியோகம். நான் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். கிணற்றை எட்டிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஆனால் எத்தனை அடி ஆழத்துக்கு எத்தனை குதிரைச் சக்தி வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது போக நிறையப் புத்தகம் படித்திருந்தேன். கையால் ஒரு வேலையும் செய்யத் தெரியாதவனை ஊரில் மரியாதையாக 'நல்லாப் படிச்சவரு' என்று சொல்லிவிடுவார்கள். நாங்கள் இருவரும் வாசகசாலையில் ஒரே புத்தகத்துக்குச் சண்டை போட்டுப் பழக்கமானோம்.

அவருடைய கெட்ட காலமும் ஒரு புத்தகமாகத்தான் வந்தது. டவுன்ஹால் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து எடுத்தது. இங்கிலீஷ்காரன் ஒருவன் சின்னத் துண்டு நிலத்தில் தன் தேவை முழுவதையும் தானே உண்டாக்கிக்கொள்வது எப்படி என்று படம் போட்டு எழுதியிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் வாத்து. பனி கொட்டுவதற்கு முன்னால் விறகை எப்படி அடுக்கிவைப்பது என்று ஓர் அத்தியாயமே இருந்தது. சிங்காநல்லூரில் பனி எப்போது கொட்டும் என்று கேட்டேன். தெரிஞ்சு வெச்சுக்கிறதுல என்ன தப்புங்க என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொடுமுடிப் பக்கம் காவிரிப் பாசனத்தில் அவருடைய அப்பாவுக்குத் தோட்டம் இருந்தது. பையன் சாணி மிதிக்கக் கூடாது என்பதற்காகவே அதை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வந்து குடியேறியவர் அந்தப் பெரியவர். எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற யாரும் அதைக் கலை என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாட்டை வைத்திருக்கிறவன் பையனை இன்ஜினீயரிங் காலேஜில் சேர்க்க அலைந்துகொண்டிருந்தான். சேர்த்தவன் மாட்டை விற்றுக்கொண்டிருந்தான். என் நண்பர் எதிர்த் திசையில் போனார், அதுவும் இங்கிலீஷ் வழியாக. தன் சித்தப்பா வீட்டில் தினமும் நடக்கிற காரியத்தைப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி என்னிடம் சொல்வார். வெண்ணெய் மோரிலிருந்து பிரிகிறது என்கிற செய்தியை ஒரு நாள் அவர் எனக்குச் சொன்ன முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

முதலில் வந்தது சோப்பு. மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றில் சாம்பல் நிறத்தில் கட்டிகளை அடுக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். அந்தத் தண்ணீரில் எதைத் தேய்த்தாலும் நுரை வரும். அவருடைய சோப்பில் வரவில்லை. வந்தது எரிச்சல். என் மனைவி ஒரு தடவை கை கழுவிவிட்டு, தோல் சிவந்த உள்ளங்கையை எனக்குக் காட்டி, "ஏனுங்க, இது அழுக்கைப் போக்காதுங்க. கையைத்தான் போக்கும்" என்றாள். பிறகு அந்தக் கட்டிகளை ஸ்கூட்டரின் எண்ணெய்ப் பிசுக்குக்குப் போட்டுப் பார்த்தாள். அதற்கு நன்றாகவே கேட்டது.

சோப்பு எப்படி என்று நண்பர் விசாரித்தபோது நான் சொன்னது: நெம்ப நல்லா இருக்குதுங்க.

கொங்குச் சீமையில் பிறந்தவனால் வேறு எதுவும் சொல்ல முடியாது. எங்கள் வாயில் பேச்சு புறப்படும்போதே 'ங்க' போட்டுத்தான் புறப்படுகிறது. அதைச் சேர்த்த பிறகு எந்தக் கண்டனமும் கண்டனமாக இருப்பதில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூட, கொஞ்சம் காலை எடுத்துக்கிறீங்களாங்க என்றுதான் கேட்போம். மிதித்தவனும், எடுத்துப்போடறேனுங்க என்று சொல்லிவிட்டு நிதானமாக எடுப்பான். இப்படிப்பட்ட சனங்களுக்கு நடுவில் ஒருவர் சோப்புக் காய்ச்சக் கிளம்பினால் அவரைத் தடுத்து நிறுத்த ஆளே இல்லை.

அடுத்த சங்கடம் தூக்குப்போசி. ஒரு வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். என் மனைவி அப்படியே சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். மறு வாரம் அது எங்களுக்கே திரும்பி வந்தது. கடையில் வாங்கின சர்க்கரையை அவர்கள் வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். கடையில் வாங்கின எதையுமே நிறுத்துவதாகத் திட்டமாம். ஆனால் ஒரு பொருளைச் செய்வதற்கு உதவுகிற சாமானாக இருந்தால் வாங்கிக்கொள்வதில் ஆட்சேபணை இல்லையாம். இதைச் சொன்னபோது எனக்கு ஏதோ பெரிய சலுகை கொடுப்பவர் போல் இருந்தார்.

இப்படித்தான் நான் மாதத்துக்கு ஒரு முறை கோட்டைமேட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு பாய் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். சல்லடை, கத்தி, தராசு, பூட்டு, புனல், எடைக்கல், யாரோ கழித்துப் போட்ட பழைய கருவிகள் என்று கூரை வரைக்கும் தொங்கும். விலை என் சம்பளத்துக்குள் அடங்கும். யாருக்கு, எதற்கு என்று பாய் கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். இரண்டாவது தடவையிலேயே என் நண்பரின் சரித்திரம் அவருக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு நான் படியேறும்போதே விசாரிப்பார்.

"வாங்க சார். என்ன பண்றாரு உங்க சிநேகிதரு? ஏர் பூட்டிட்டாருங்களா?"

இன்னும் இல்லை, ரொட்டியில் இருக்கிறார் என்பேன். பாய் அனுதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு, உள்ளே திரும்பி எதையாவது தேடுவார்.

கையால் செய்து பார்க்கிற ஆசை பிடித்த நண்பருக்குக் குறைந்த விலையில் என்ன கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். எதைக் கொடுத்தாலும் அது பண்டமாக மாறி உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும். கொடுப்பதற்கு முன்னால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

கம்பெனி விஷயமாகக் கருமத்தம்பட்டிக்குப் போனவன், தறிக்காரர் ஒருவரிடம் நல்ல காடாத் துணி சில கஜம் வாங்கி வந்தேன். வடிகட்ட உதவும், மலிவு, தோய்த்துத் தோய்த்துப் பயன்படுத்தலாம், இதைவிடச் சாதுவான பரிசு உலகத்தில் உண்டா? அந்தத் துணியில்தான் அவர் சீஸ் செய்தார். அகராதியில் அதற்குப் பாலாடைக்கட்டி என்று போட்டிருக்கிறது. அகராதிக்காரர் என் நண்பருடையதைப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார். பாலைத் திரித்து, என் துணியில் கட்டி, அம்மிக்கல்லை மேலே ஏற்றிப் பிழிந்து, மாடிப்படிக்குக் கீழே இருட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்து கொண்டுவந்தார். போசி வாசலில் இருக்கும்போதே சமையல்கட்டில் இருந்த என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே தென்னை மரத்தடியில் குழி வெட்டி மூடினாள். எப்படி இருந்தது என்று அவர் கேட்டபோது, நெம்பப் பிரயோசனமா இருந்துச்சுங்க என்றாள். மரத்துக்கு இருந்திருக்கும்.

கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்குச் சாமான் விற்கிற கடையில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் டின்னை அடுப்பாக மாற்றி ரொட்டி சுட்டார். அடிப்பக்கம் கரி, நடுவில் பிசைந்த மாவு, மேலே பலகை. ஒரே பண்டத்தில் மூன்று பருவம். பீங்கான் ஜாடி வாங்கிக் கொடுத்தேன். தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து வினிகர் என்று அனுப்பினார். அதைத் திறந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உங்க ஊட்டுச் சாக்கடை அடைச்சிருக்குதுங்களா, ஆளைக் கூப்பிட்டு வரட்டுங்களா என்று பணிவாகக் கேட்டார். ஒட்டுக் கட்டுகிற கத்தி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கொய்யா காய்க்கவில்லை. அக்கம்பக்கத்தார் தங்கள் கொய்யாவை அந்தக் கத்தி எட்டாமல் காவல் காக்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் நெம்ப நல்லா இருக்குதுங்க. நான் சொன்னேன், என் மனைவி சொன்னாள், மில்லில் அவரோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள், ஒறம்பரையாக விருந்துக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் வீட்டில் அவரவர் தென்னை மரத்தைத் தேடிப் போனார்கள்.

இதெல்லாம் வீட்டு விளையாட்டாகவே இருந்திருந்தால் ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில் மில்களுக்கு நேரம் சரியில்லாமல் இருந்தது. அவருடைய மில்லில் விருப்ப ஓய்வு என்று அறிவிப்புப் போட்டார்கள். விருப்பம் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு போகலாம். மற்றவர்கள் அதைப் பார்த்து மிரண்டார்கள். என் நண்பர் சத்தியமங்கலத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார். சத்தியைத் தாண்டி, மலைக்குக் கீழே, விலைக்கு வருகிற ஒரு தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சிங்காநல்லூர் வீட்டை விற்று அதை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு அங்கேயே போய்விடுவது என்று பேச்சு அடிபட்டது.

நான் பாயிடம் இதைச் சொன்னேன். அவர் கையில் இருந்த பூட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உங்காளுக நெலத்தை வித்துப்போட்டு மில்லுக்கு வந்தாங்க. இப்ப இவரு மில்லை உட்டுப்போட்டு நெலத்துக்குப் போறாரு. எங்களுக்கு ரெண்டு பக்கமும் யாவாரமுங்க. மம்பட்டி நல்லதா வந்திருக்குது, எடுத்து வெக்கட்டுங்களா?"

எடுத்து வைக்கச் சொல்லவில்லை. அந்தத் தடவை பரிசு எதுவும் வாங்காமலே திரும்பினேன்.

மறு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அதுவரைக்கும் வந்த போதெல்லாம் கணவரோடு வந்து, என் மனைவியோடு பேசிவிட்டுப் போனவர், அன்று தனியாக வந்து எனக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காப்பி வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் காப்பி வேண்டாம் என்றால் விஷயம் பெரிது.

அவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். அந்த வீட்டை அவர்கள் இருவரும் வயிற்றைக் கட்டிக் கட்டினார்கள். வேலையைக் கணவர் விட்டால் திரும்பக் கிடைக்காது. பெண் ஒருத்தி காலேஜில் சேர வேண்டியவள் இருக்கிறாள். சத்தி மலையடிவாரத்தில் ரொட்டி சுட்டு யாருக்கு விற்பது? யானைக்கா? கையெழுத்துப் போட அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள். இவ்வளவையும் கணவரிடம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. கணவருக்கு இவர் வீட்டு மனுஷி; இவர் சொல்வது கணக்கில் வராது.

"உங்களுக்கு என்னுங்ண்ணா, மாசம் ஒரு சாமானை வாங்கிக் குடுத்துப்போடறீங்க. அவரு அதுல ஒன்னைச் செஞ்சுபோடறாரு. நீங்க நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போடறீங்க. அவரு நம்பிப்போடறாரு. நாந்தான் அதையெல்லாம் அன்னாடம் திங்கறனுங்."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"ஒரே தடவை நல்லா இல்லீங்கன்னு சொல்லுங்ண்ணா. நீங்க நல்லாப் படிச்சவரு. நீங்க சொன்னா எடுத்துக்குவாரு."

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எங்கள் கல்யாணத்து நாளிலிருந்து ஒரே பொருள்தான்: இதாவது உருப்படியாச் செய்யுங்க.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வெறுங்கையோடு அவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவர் என் கையைப் பார்த்தார். உட்காரவைத்து ஒரு தட்டைக் கொண்டுவந்தார். அதில் எல்லாம் இருந்தது. ரொட்டித் துண்டு, அதன் மேல் சீஸ், பக்கத்தில் வினிகரில் ஊறின வெங்காயம். கை கழுவப் போன இடத்தில் சோப்பும் இருந்தது. டீச்சர் உள்ளறை வாசலில் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு கடி கடித்தேன். மென்றேன். அது முடிகிற காரியமாக இல்லை.

ரொட்டி கொஞ்சம் பலமா இருக்குதுங்க என்று ஆரம்பித்தேன். அதுக்குத்தானுங்க, வயித்துல நிக்கணுமில்ல என்றார். சீஸ் வாசம் நமக்கு முந்தியே வந்துபோடுதுங்க என்றேன். பக்குவமானதுக்கு அதுதானுங்க அடையாளம் என்றார். வெங்காயம் கண்ணுல தண்ணி வர வெக்குதுங்க என்றேன். வெங்காயம்னா அப்பிடித்தானுங்க என்றார். நான் எறிகிற கல்லெல்லாம் பூவாக விழுந்தது. கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்கு வருஷக்கணக்கில் கடிதம் எழுதி எழுதி, ஓடாத பம்பைப் பற்றிக்கூட மனம் நோகாமல் சொல்லப் பழகியிருந்தேன். இப்போது அந்தத் திறமை என் கழுத்தைப் பிடித்தது.

உள்ளறை வாசலில் சிவப்புப் பேனா டக்கென்று மூடிக்கொண்டது.

"நல்லா இல்லீங்க" என்றேன்.

நண்பர் கேட்டார்: "எதுங்க?"

"எல்லாமுங்க."

அவர் தட்டை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். நாற்பத்தைந்து வயது ஆளை அழவைக்கிற அனுபவம் எனக்கு இல்லை. செருப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினேன். அவர் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு நேர் எதிரில் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். வாசகசாலையில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அது மில் முகம் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

"ஒன்னொன்னாச் சொல்லுங்க. சோப்பு காஞ்சதும் மேல மாவு மாதிரி வெள்ளை பூத்துச்சுங்களா?"

பூத்தது என்றேன். சோடாக் காரம் தூக்கல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சீஸ் நடுவில் ஈரமா, ஓரத்தில் ஈரமா என்று கேட்டார். ரொட்டியில் கரி எவ்வளவு கனம் என்று கேட்டார். வினிகரில் மேலே ஆடை கட்டியிருந்ததா, வாசம் பழைய சோற்றுத் தண்ணீர் வாசமா, அதற்கும் மேலேயா என்று கேட்டார்.

நானும் சொன்னேன். முதலில் தயங்கித்தான் சொன்னேன். பிறகு எனக்கே ஒரு குஷி பிறந்துவிட்டது. இத்தனை மாதம் மென்று விழுங்கினதெல்லாம் கொட்டிற்று. சீஸைப் பற்றி மட்டும் ஐந்தாறு உவமை சொன்னேன். ஒன்றுக்கொன்று தரம் குறையவில்லை. அந்தச் சோப்பு ஸ்கூட்டருக்கு எப்படி உதவியது என்பதை அபிநயத்தோடு விவரித்தேன். தென்னை மரத்துச் சமாசாரம் வரைக்கும் போய்விட்டேன். புத்தகம் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு: திட்டுவதற்கு இடம் கொடுத்தால் நிறுத்தத் தெரியாது. விமரிசனம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தேன். டீச்சரின் முகத்தில் வெற்றி தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைக் கையமர்த்துவது போல் விரலை அசைத்துக்கொண்டிருந்தார். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினேன்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு நண்பர் முதுகை நிமிர்த்தினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

"கருமத்தம்பட்டித் தறிக்காரன் நூலு நல்லா இருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டுப் போனான்னா, அவன் அதைப் பிரிச்சே பாக்கலீன்னு அர்த்தமுங்க. தறியில ஏத்துனவன்தான் நூல் சுத்துன கோனைத் தூக்கிட்டு வந்து சண்டை போடுவான். இத்தனை நாளா ஒருத்தரும் சண்டைக்கு வல்லீங்களே. ஆரும் திங்கலைன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

அவர் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"திங்கறதுக்கு ஆளில்லாம அங்க போய் என்ன பண்றதுன்னு, கையெழுத்தே வேண்டாம்னுதானுங்க இன்னிக்கு நீங்க வர்ற வரைக்கும் இருந்தேன். மில்லுலயே கெடந்துபோடலாம்னு. இப்பத்தான் எங்க கொறைன்னு தெரியுதுங்களே. கொறை தெரிஞ்சா சரி பண்ணிப்போடலாமுங்க."

வாசலில் நாற்காலி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது டீச்சர் உள்ளே போயிருந்தார். விடைத்தாள் கட்டு மட்டும் நாற்காலியில் இருந்தது.

ஒரு மனிதன் தானாகவே எடுத்திருந்த நல்ல முடிவை அரை மணி நேரம் இலக்கிய நயத்தோடு பேசிக் கலைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். என்ன ஆச்சு என்று என் மனைவி கேட்டாள். சொல்லிப்போட்டேன் என்றேன். நிஜமாகவே சொல்லிட்டீங்களா என்று ஆச்சரியப்பட்டு, அன்றைக்கு எனக்குப் பிடித்த கொள்ளு ரசம் வைத்தாள். மீதியை அவளிடம் மறு நாள்தான் சொன்னேன். அதற்குப் பிறகு வெகு நாளைக்கு எங்கள் வீட்டில் கொள்ளு வாங்கவில்லை.

நண்பர் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் வீடு விற்கவில்லை. டீச்சர் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வீட்டுப் பத்திரத்தில் தன் பெயரும் இருக்கிறது, தான் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கப் போவதில்லை, பெண்ணும் தானும் சிங்காநல்லூரில்தான் இருக்கப் போகிறோம் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டாராம். அந்த மூன்று வாக்கியத்திலும் ஒரு 'ங்க' கூட இல்லை என்று நண்பர் என்னிடம் சொன்னார். அதில்தான் அவர் மிரண்டிருந்தார். விலைக்கு வந்த தோட்டத்தை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தார். தோட்டத்துக் குடிசையான சாளையில் தான் மட்டும் தங்குவது, சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வருவது என்று ஏற்பாடு.

அவர் கிளம்பிய அன்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். சத்தி பஸ்ஸின் கூரையில் ஜாடிகளை ஏற்றினார்கள். கூடையில் இருந்த இரண்டு கோழிகளுக்கும் டிக்கெட் போட வேண்டும் என்று கண்டக்டர் சொன்னார். கோழிகள் மடியிலேயே இருக்குமுங்க என்று நண்பர் வாதாடினார். வாயைக் கட்டினால் பரவாயில்லை என்று கண்டக்டர் இறங்கி வந்தார். நண்பர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அடுத்த மாசம் புது சீஸ் கொண்டாந்து தாரேன், தின்னு பாத்துச் சொல்லோணுமுங்க, இந்தத் தடவை மாதிரியே சொல்லோணும் என்றார். அவர் மனைவியிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ் போன பிறகு நானும் டீச்சரும் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தோம். ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது.

"நீங்க சொல்லச் சொன்னதைத்தானுங்க அம்மணி நான் சொன்னேன்."

"ஆமாங்ண்ணா" என்றார். குரலில் கோபமே இல்லை. "நல்லா இல்லைன்னு சொல்லச் சொன்னேன். ஏன் நல்லா இல்லைன்னு ஆரு சொல்லச் சொன்னாங்க?"

சிங்காநல்லூர் டவுன் பஸ் வந்தது. அவர் முன்வாசலில் ஏறினார், நான் பின்வாசலில் ஏறினேன். கூட்டத்துக்கு மேலாகக் கையை உயர்த்தி, இரண்டு டிக்கெட் எடுத்துவிடுகிறேன் என்று சைகை காட்டினேன். அவர் அதற்குள் சில்லறையை எண்ணிக் கொடுத்துத் தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.